அலகுகளுக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம்

செல்லம்மாள் கத்திரியை மூடினாள். வாசலுக்கு வந்தாள். வானத்துக்கு நேராக அதை உயர்த்தி, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

பண்பொழி மலைக்கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். நெற்றித் திருநீறு கலையவில்லை. பிரசாதப் பையை வாசல்படியிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கத்திரியை எடுத்துப் பார்ப்பது அவள் வழக்கம்.

“மதினி, இதை யாரு தொட்டா?”

மரகதம் தையல் மிஷினிலிருந்து எழுந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “பளபளன்னு இருக்குல்லா? சாணைக்காரர் தெருவுல போனாரு. கூப்பிட்டுச் சாணை பிடிச்சு வச்சேன். நீ வந்து பாத்தா சந்தோசப்படுவேன்னுதான்.”

செல்லம்மாள் கீழே கிடந்த துண்டுத் துணி ஒன்றை எடுத்து வெட்டினாள். துணி அறுபடவில்லை. மடங்கி, இரண்டு அலகுகளுக்கும் நடுவே நாக்கு மாதிரி சிக்கிக்கொண்டது.

“கத்திரியைக் கொன்னு போட்டுட்டீகளே மதினி” என்றாள்.

தென்காசிக்குப் புறப்பட்ட நான் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்க்க, அந்தக் கத்திரி என்றைக்குமில்லாத அழகோடு மின்னியது.

கீழ்வீடு

போன வாரம் நான் எழுதிய மேலகரத்து மாடி அறைக்குக் கீழே குடியிருந்தவர்கள் இவர்கள். ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள். தென்காசி, குற்றாலம் செய்திகளை எழுதி, திருநெல்வேலி பஸ்ஸில் அனுப்புவது அப்போது என் வேலை.

வீட்டுக்காரர் செங்கோட்டை வழியில் ஓடும் பஸ்ஸின் டிரைவர். மரகதம் அவர் மனைவி. செல்லம்மாள் அவருடைய தங்கை. சுரண்டையில் வாழ்க்கைப்பட்டு, கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சுரண்டையில் மாமியாருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கடையில் அரிசி புடைக்கவும் வீட்டில் ஆக்கிப் போடவும் ஆள் வேண்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

அண்ணன் கெட்டவரல்ல. ஊர் வாய்க்குப் பயந்தவர். “கையில ஒரு தொழில் நிலைச்சுதுன்னா இங்கனயே இரு. இல்லேன்னா அவுக கூப்பிடுத இடத்துக்குப் போயிரு” என்று சொல்லியிருந்தார். செல்லம்மாளுக்குச் சுரண்டை போக விருப்பமில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வேலை செய்கிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

தொழில் என்றால் ஒட்டுப்போர்வை. தென்காசித் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளை வாங்கி வந்து, ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, சேர்த்துத் தைத்து, உள்ளே வெளுத்த பழைய வேட்டியை மடித்து வைத்துத் தைக்கும் போர்வை. வெட்டுவது செல்லம்மாள். மிஷினில் சதுரங்களை இணைப்பது மரகதம். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் ஓட்டுத்தையல் போடுவார்கள்.

குற்றாலத்து லாட்ஜுகளுக்கு இந்தப் போர்வைதான் தோது. சீசனுக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பார்கள். எவ்வளவு நின்றாலும் கொஞ்சம் எண்ணெய் அறைக்குத் திரும்பி வந்துவிடும். வெள்ளைப் போர்வை ஒரு சீசனில் அப்பளம் பொரித்து வைத்த காகிதமாகிவிடும். பல நிறத் துண்டுகளில் கறை தெரியாது.

அந்த வருஷம் அருவிக்குப் போகும் வழியில் ஒரு புது லாட்ஜ் கட்டியிருந்தார்கள். எல்லா அறைகளுக்கும் போர்வை தைத்துத் தரும் வேலை இவர்களுக்கு வந்தது. சாரல் விழுந்து சீசன் தொடங்குவதற்குள் கொடுத்தால் வருஷா வருஷம் இவர்களிடமே; தவறினால் திருநெல்வேலி வியாபாரியிடம். பாதி முடிந்திருந்தபோதுதான் கத்திரி இப்படி ஆனது.

சாம்பலும் தலைமுடியும்

அந்த வீட்டு ஆயுதங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிகளைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். செல்லம்மாள் ஊசிகளைத் துடைத்த கவனம் அங்கே இல்லை.

சாரல் காலத்தில் மேலகரத்தில் இரும்பு என்று எதையும் வெளியே வைக்க முடியாது. இரவு மறந்த ஊசி காலையில் செம்மண் நிறத்தில் இருக்கும். அந்த ஊசி துணியில் நுழைந்தால் ஒவ்வொரு துளையிலும் ஒரு பழுப்புப் புள்ளி விழும். அதனால் நீள ஊசிகளெல்லாம் தகர டப்பாவில், சலித்த உமிச் சாம்பலுக்குள் தலைகீழாக நின்றன. அன்றாட ஊசிகளுக்கு ஒரு சின்னத் திண்டு. அதற்குள் பஞ்சில்லை. சீப்பில் வந்த தலைமுடியைச் சேர்த்து அடைத்துத் தைத்தது. முடியிலிருக்கும் எண்ணெய்ப் பசையில் ஊசி துருப்பிடிக்காது. ஒவ்வொரு முறை குத்தி எடுக்கும்போதும் தானாகவே பளபளக்கும்.

தைக்க உட்காருமுன் ஊசியின் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுப்பாள். வழுக்கிக்கொண்டு போனால் நல்ல ஊசி. நகத்தில் கோடு விழுந்தால் முனை மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே உப்புத்தாளில் உருட்டி உருட்டித் தேய்ப்பாள். மிஷின் ஊசி மழுங்கினால், நூல் கோக்காமல் உப்புத்தாளின் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வாள். அப்போது மிஷின் போடும் சத்தத்தில் எனக்குப் பல் கூசும்.

கத்திரிக்குச் சட்டங்கள் அதிகம். காகிதம் வெட்டக் கூடாது. கயிறு கூடாது. வேலை முடிந்ததும் பஞ்சுத்தூசியைத் தட்டி, நடு ஆணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, துடைத்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மற்ற சட்டங்கள் ஊருக்கே பொது: விளக்கு வைத்த பிறகு யாருக்கும் ஊசி கொடுக்கக் கூடாது, வெறுங்கத்திரியை வெட்டி விளையாடக் கூடாது, கத்திரியைக் கைக்குக் கை கொடுக்கவே கூடாது. கொடுத்தால் சண்டை வரும். தரையில் வைக்க வேண்டும். வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் இருவருக்கும் நடுவே, கோரைப்பாயின் மேல், அந்தக் கத்திரி நாள் முழுக்க இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும்.

கொல்லன் அடித்த பழைய கத்திரி அது. இரும்பு உடம்பு, எஃகு வாய். அது துணியில் போகும் சத்தம் மாடியில் எனக்குக் கேட்கும். பசு புல் மேயும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அந்தச் சத்தம்.

ஆபீஸ் கத்திரி

எங்கள் திருநெல்வேலி ஆபீஸிலும் ஒரு கத்திரி இருந்தது. யாரும் கொண்டுபோய்விடாமல் சணல் கயிற்றில் கட்டி மேஜைக் காலில் முடிந்திருப்பார்கள். செய்தித்தாள்களை வெட்டி ஒட்டுவதற்கு வைத்தது. ஆனால் பார்சல் கயிறும் அதில்தான், பென்சில் சீவுவதும் அதில்தான். பசை காய்ந்து இரண்டு அலகிலும் தேன்கூடு மாதிரி கட்டியிருக்கும்.

புதிதாக வந்த ஒருவர் கத்திரி வெட்டவில்லை என்று முறையிட்டார். தலைமைத் துணை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: “இந்த ஆபீஸ்ல கத்திரி வெட்டாதுவே. நான்தான் வெட்டுவேன்.”

அதுவரை கத்திரி என்றால் எனக்கு அதுதான். மேலகரத்துக்கு வந்த பிறகுதான் ஒரு கத்திரிக்கு முகம் உண்டு என்று தெரிந்தது.

செய்தி போக்குவரத்து

அன்றைக்கு வாசலில் செல்லம்மாள் பார்த்தது என்ன என்று மறுநாள் கேட்டேன். ஒழுங்கான கத்திரியை மூடி வெளிச்சத்தில் பிடித்தால், அலகுகளின் நடுவே மெல்லிய கீற்றாக வானம் தெரிய வேண்டுமாம். இரண்டு அலகும் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். நுனி மட்டும்தான் தொடும். வெட்டும்போது அந்தத் தொடும் இடம் நகர்ந்துகொண்டே போகும்; அதுதான் துணியை அறுப்பது.

“உள்பக்கம் சாணை வச்சுத் தேச்சாச்சு. இப்ப ரெண்டும் பாய் விரிச்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கு. எங்கன வெட்டும்?” என்றாள். “அந்த ஆளுக்கு அருவா பிடிச்சுப் பழகுன கை. கத்திரியை ஏன் குடுக்கணும்ங்கேன்?”

அவள் கேட்டது என்னிடம். பதில் சொல்ல வேண்டியவள் மிஷினில் இருந்தாள். மரகதம் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. பேச வேண்டியதெல்லாம் என் வழியாக வந்தது.

“சார்வாள், சோறு வடிச்சாச்சு, ஆறிப் போகுதுன்னு சொல்லுங்க” என்பாள் மரகதம்.

“சார்வாள், எனக்குப் பசிக்கலைன்னு சொல்லுங்க.”

“பசிக்காம என்ன செய்யும்? காலையிலயும் திங்கலேல்லான்னு கேளுங்க.”

கேட்கிறவளும் சொல்கிறவளும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். நிருபன் என்றாலும் இவ்வளவு குறுகிய தூரத்துக்கு நான் செய்தி கொண்டுபோனதில்லை.

செல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. அருவாமனையில் துணியை மடித்து வைத்து அறுத்துப் பார்த்தாள். விளிம்பெல்லாம் நூல் பிரிந்தது. நீளத் துணியென்றால் நூல் பிடித்துக் கிழிக்கலாம். கோணல்மாணலான வெட்டுத் துண்டில் அது நடக்காது. தென்காசிக் கடைத்தெருவில் கிடைத்த புதுக் கத்திரி ஒன்றை வாங்கி வந்தேன். விரலால் சுண்டிப் பார்த்து, “இது தகரம்லா” என்று திருப்பித் தந்துவிட்டாள். தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் இரவல் கேட்டேன். “கத்திரியைத் தவிர எது வேணும்னாலும் கேளுங்க சார்வாள். கடையக் கேளுங்க, எழுதித் தாரேன்” என்றார்.

இதற்கிடையில் லாட்ஜ் மேனேஜர் சைக்கிளில் வந்து நின்றார். மலையைக் காட்டினார். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது.

“காத்து மாறிட்டும்மா. சாரல் விழுந்தா மறுநாளே ஆளு வந்து நிக்கும். நான் என்னத்தப் போத்திவிட?”

“தந்துருவோம்” என்றாள் செல்லம்மாள்.

“எப்ப?”

அவள் பாயில் கிடந்த வெட்டுத் துண்டுகளை அள்ளத் தொடங்கினாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். “சார்வாள், சாரல் எப்ப விழும்?” சீசன் செய்தி எழுதுகிறவன்தான் சீசனையும் அனுப்புகிறான் என்று அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஒரு நம்பிக்கை.

சாட்சி

அன்று பிற்பகல் மரகதம் மாடிப்படியின் கீழ் வந்து நின்றாள். “சார்வாள், அந்தச் சாணைக்காரரைத் தென்காசியில எங்கயும் பாத்தீகளா?”

பார்த்திருந்தேன். கோயில் பக்கத்துத் தெருவில் சக்கரத்தோடு நின்றார். சொன்னேன். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பஸ் ஏறப் போனாள். வெயில் தாழுமுன் அவரோடு திரும்பி வந்தாள். மாடசாமி என்று பெயர். கால் மிதியால் சுற்றும் சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்து வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

செல்லம்மாள் கத்திரியை அவர் முன்னால் வைத்தாள். “என்ன அண்ணாச்சி, கத்திரிக்கு உள்பக்கம் தொடக் கூடாதுன்னு தெரியாதா உமக்கு?”

“தெரியும் தாயி.”

“தெரிஞ்சா செஞ்சீரு?”

மாடசாமி மரகதத்தைப் பார்த்தார். மரகதம் தரையைப் பார்த்தாள். பிறகு அவர் சொன்னார்: “வெளிப்பக்கம் பிடிச்சு முடிச்சுக் கையில எடுத்தேன். இந்தத் தாயி பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘ஒரு பக்கம் பிடிச்சுட்டு ரெண்டு பக்கத்துக்குக் கூலி கேக்கீராவே, என்னை ஏமாத்தவா பாக்கீரு?’ன்னாக. தெருவே பாத்துட்டு நிக்கி. திருடன்னு சொன்ன பொறவு நான் என்ன செய்ய? பிடிச்சுக் குடுத்தேன்.”

இதை அந்த ஊர்க்காரர்கள்தான் முழுதாகப் புரிந்துகொள்வார்கள். அருவாளுக்கு இரண்டு பக்கமும் சாணை வேண்டும். ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடும் சாணைக்காரர்கள் சிலர் உண்டு. அதனால் பக்கத்தில் நின்று “மறுபக்கம், மறுபக்கம்” என்று விரட்டுவதுதான் அங்கே விவரமான பெண்ணுக்கு அடையாளம். மரகதம் விவரமானவள். அருவாளுக்குக் காட்ட வேண்டிய விவரத்தைக் கத்திரிக்குக் காட்டிவிட்டாள்.

செல்லம்மாள் இத்தனை நாள் சாணைக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்காது. தனக்கு எதிரான சாட்சியைத் தானே பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தாள் மரகதம். கோர்ட்டில் பல வருஷம் உட்கார்ந்து செய்தி எழுதியிருக்கிறேன். அங்கே இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

அம்மி

இனி ஒரே வழி அலகை வளைப்பது என்றார் மாடசாமி. நடுவில் தட்டி லேசாகக் குழிய வைக்க வேண்டும். “உடம்பு இரும்பு, அது கேக்கும். வாய் எஃகு. கீறல் விட்டுதுன்னா அதோட சரி. நான் அடிக்க மாட்டேன். முறிஞ்சாலும் என்னையத்தான் சொல்லுவீக.”

“நான் அடிக்கேன்” என்றாள் செல்லம்மாள். ஆனால் எதன் மேல் வைத்து அடிப்பது? சமதளத்தில் வைத்து அடித்தால் அலகு குழியாது. குழிவான கல் வேண்டும்.

மரகதம் முதன்முறையாக நேரே அவளைப் பார்த்துப் பேசினாள். “அம்மி.”

மசாலா அரைத்து அரைத்து அந்த வீட்டு அம்மியின் நடு தேய்ந்து, படகு போல் குழிந்து போயிருந்தது. கொத்திவிட வேண்டும் என்று மரகதம் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். கழுவித் துடைத்தார்கள். மேலே மடித்த துணி. மாடசாமி நடு ஆணியைக் கழற்றி அலகுகளைப் பிரித்தார். ஒன்றை உள்பக்கம் மேலே தெரிய, குழிவின் குறுக்கே வைத்தார்கள். இரண்டு முனையையும் மரகதம் பிடித்துக்கொண்டாள். செல்லம்மாள் புளியங்கட்டையைக் கையில் எடுத்தாள்.

“கெட்டியாப் பிடிச்சிருக்கீகளா?”

“அடி.”

“கையில பட்டுறப் போகுது மதினி.”

“பட்டாப் படட்டும். அடிட்டி.”

அடித்தாள். வாய்ப்பக்கம் படாமல் முதுகை ஒட்டி, தட்டுவது போல ஓர் அடி. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். மறுபடி வைத்தார்கள். மாடசாமி குனிந்து கீறல் தேடினார். ஒவ்வொரு அடிக்கும் மரகதம் கண்ணை மூடிக்கொண்டாள்; விரலை மட்டும் நகர்த்தவில்லை. ஒருமுறை கட்டை அவள் நகத்தில் உரசியது. “ஸ்” என்றாள், அவ்வளவுதான்.

“போதுமா?”

“இன்னொண்ணு. லேசா.”

இரண்டாவது அலகும் முடிந்ததும் மாடசாமி ஆணியைப் பூட்டினார். செல்லம்மாள் வாசலுக்குப் போய்க் கத்திரியை வானத்துக்குப் பிடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் கழுத்தை நீட்டினோம்.

நடுவே ஒரு முடி அகலத்துக்கு மேகம் தெரிந்தது.

பிறகு மாடசாமி சக்கரத்தை மிதித்தார். வெளிப்பக்கம் மட்டும் பிடித்தார். பொறி பறந்தது. தேய்த்து வழவழப்பாக்கப் போனவரைச் செல்லம்மாள் தடுத்தாள். “சொரசொரன்னே இருக்கட்டும் அண்ணாச்சி. வழுக்குச்சுன்னா துணி ஓடிரும்.”

“அடடா, இது தெரிஞ்சவளுக்குல்லா சாணை பிடிச்சுக் குடுக்கணும்” என்றார் மாடசாமி. கடுகடுப்பு போயிருந்தது. மரகதம் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “தப்பாப் பேசிட்டேன் அண்ணாச்சி” என்றாள். “அருவாளுக்குப் பேசுத பேச்சுதான தாயி” என்று அவர் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

மாடியில் இரவுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தபோது கீழே அந்தச் சத்தம் தொடங்கியது. பசு மேயும் சத்தம். நடுவே மரகதத்தின் குரல்: “கத்திரியை இங்கன வையிட்டி, நூலு வெட்டணும்.”

“பிடிங்க.”

“கையில குடுக்காத. சண்டை வரும்.”

“கீழ வச்சு வச்சு எடுத்தும் சண்டை வரத்தான செஞ்சுது? பிடிங்க மதினி.”

சுரண்டை பஸ்

சாரல் விழுந்த காலையில் கடைசிப் போர்வைகள் குதிரை வண்டியில் ஏறின. மேலே எண்ணெய்ச் சீலை மூடியிருந்தார்கள். மேனேஜர் ஒரு போர்வையை விரித்தார். சதுரங்களின் மூலைகள் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். “அடுத்த வருஷத்துக்கு இப்பவே சொல்லிட்டேன், ஆமா” என்றார். அன்று நான் அனுப்பிய செய்தியில் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுவதும், பழத்தோட்டத்தில் கூட்டம் கூடியதும் இருந்தன. போர்வை இல்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துக்கொள்கிறேன்.

சீசன் நடுவே சுரண்டையிலிருந்து மாமியார் வந்தார். மருமகளை அழைத்துப் போகவே வந்தவர் போல, துணிகளுக்கென்று ஒரு காலிப் பையும் கொண்டுவந்திருந்தார். பாயில் உட்கார்ந்து இருவரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மிதியடியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

செல்லம்மாள் ஒரு சதுரத்தை வெட்டி முடித்துக் கத்திரியை நீட்டினாள். மரகதம் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

மாமியார் பதறிப்போனார். “ஏட்டி, கைக்குக் கை குடுக்கியே! சண்டை வரும்லா?”

செல்லம்மாள் ஊசி முனையை நகத்தில் இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போனது.

“அது வந்துட்டுப் போயாச்சு அத்தை” என்றாள்.

சாயங்கால பஸ்ஸில் மாமியார் தனியாகத்தான் திரும்பினார். காலியாகக் கொண்டுவந்த பைக்குள் ஓர் ஒட்டுப்போர்வை இருந்தது.